இன்னொரு தம்பதியைக் கேட்கும் மனுவில் நான் ஏன் கையெழுத்துப் போடவில்லை

நம் கிளையின் சகோதர சகோதரிகளுக்கு,

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒரு தாள் கைக்குக் கை மாறிக்கொண்டே வந்தது. பெங்களூரில் இருக்கும் மிஷன் தலைவருக்கு ஒரு மனு. "எங்கள் எல்டரும் சிஸ்டரும் ஊருக்குப் போய்விட்டதால் கிளை அனாதையாக நிற்கிறது. தயவுசெய்து உடனடியாக இன்னொரு மூத்த தம்பதியை அனுப்பி வைக்கவும். அவர்களையே திரும்ப அனுப்பினாலும் சரி" என்று எழுதியிருந்தது. கீழே 37 கையெழுத்து. என் முறை வந்தபோது தாளை மடித்துப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டேன்.

சாயங்காலத்துக்குள் ஆறு போன். "உனக்கு அவர்களைப் பிடிக்காதா?" "கடைசியில் சிஸ்டரம்மாவோடு ஏதாவது மனஸ்தாபமா?" ஒருவர், "ஒன்றரை வருஷம் மொழிபெயர்த்து மொழிபெயர்த்து அலுத்துப்போய்விட்டாய், அதுதான்" என்றார். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் காரணம் அது இல்லை. ஆறு பேருக்கும் ஆறு விதமாகப் பதில் சொல்லி, எதையும் முழுதாகச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அதனால் இந்த மடல்.

நமக்கு வெளியே இருப்பவர்கள் கையில் இது கிடைத்தால் அவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதற்காக இரண்டு வரி. எங்கள் சபையின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. ஊரில் "மார்மன்" என்றால்தான் தெரியும். வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பெயர் அட்டையுமாக இரண்டிரண்டு பேராக நடந்துபோகும் இளவட்டங்களைச் சிலர் பார்த்திருப்பீர்கள். அவர்களைத் தவிர, வேலையிலிருந்து ஓய்வுபெற்று, பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு, சொந்தக் காசைப் போட்டு ஊழியத்துக்கு வரும் வயதான தம்பதிகளும் உண்டு. ஊழியத்துக்கு வரும் ஆணை எல்டர் என்றும் பெண்ணை சிஸ்டர் என்றும் கூப்பிடுவோம். 6 மாதம், 12, 18, 23 என்று கால அளவை அவர்களே தேர்ந்தெடுக்கலாம். சம்பளம் கிடையாது. வெளியூர்களில் குடியிருக்கும் வீட்டுக்கான வாடகைச் செலவு எகிறிவிடக் கூடாது என்று 2011இல் மாதம் 1,400 டாலர் என்று ஒரு உச்சவரம்பு வைத்தார்கள். அதற்குள் ஆவதெல்லாம் அவர்கள் பாடுதான். வீடு வீடாகக் கதவு தட்டச் சொல்ல மாட்டார்கள். உள்ளூர்க் கிளைக்குக் கைகொடுப்பது, பழக்கிவிடுவதுதான் வேலை. இந்தப் "பழக்கிவிடுவது" என்ற வார்த்தையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நம்மிடம் வந்தவர்கள் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துக்காரர்கள். பெயரைப் போடவில்லை, போட்டால் அவருக்குக் கூச்சமாக இருக்கும். எல்டருக்கு 71 வயது, உருளைக்கிழங்கு விவசாயி. சிஸ்டரம்மா பள்ளிக்கூடத்தில் இசை ஆசிரியையாக இருந்தவர். வந்து இரண்டாவது மாதத்தில் பிறந்த பேரனைப் போன் திரையில் மட்டுமே பார்த்திருக்கிறார். அந்தக் குழந்தை இப்போது நடக்கிறது.

இளம் மிஷனரிகளிடையே ஒரு சொல் உண்டு, "ட்ரங்கி" என்பார்கள். ஊழியம் முடியப் போகிற சமயத்தில் உடம்பு இங்கேயும் மனசு ஊரிலுமாக இருப்பவனை அப்படிக் கேலி செய்வார்கள். ட்ரங்குப் பெட்டியிலிருந்து வந்த சொல். நாம் ஆற்றிலொரு கால் சேற்றிலொரு கால் என்போமே, அந்த நிலைமை. இந்த இருவரும் கடைசிப் பத்து நாளில் அப்படி இருப்பார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். இருந்தால் என்ன தப்பு, பேரன் நடக்கிறானே. ஆனால் ட்ரங்கியாக இருந்தது அவர்கள் இல்லை, நாம். அவர்கள் போகிற தேதி தெரிந்த அன்றே நாம் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டோம்.

பத்து நாளில் பதினொரு விருந்து. நான் கூடவே போனவள், எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கும். ஒரே நாளில் இரண்டு வீட்டுக்குப் போன கதையும் அதில் உண்டு. எல்டருக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் சந்தகை, ஒப்புட்டு, நாட்டுக்கோழி, நாலாம் நாள் மறுபடி நாட்டுக்கோழி. "சாப்பிடாவிட்டால் மனசு கஷ்டப்படுவார்கள்" என்று அவருக்கு எடுத்துச் சொன்னதும் நான்தான். பதினொன்றில் ஒன்று என் வீடு. அரிசிம்பருப்பு சாதம் போட்டேன். எளிமையாகப் போட்டேன் என்று எனக்கு ஒரு பெருமை; மூன்று தடவை நெய் ஊற்றியதை இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

கடைசி ஞாயிறு மாதத்தின் முதல் ஞாயிறு. உபவாச ஞாயிறு. இரண்டு வேளை சாப்பாட்டை விட்டு, அந்தக் காசை இல்லாதவர்களுக்குக் கொடுக்கிற நாள். அன்றுதான் மண்டபத்துக்குப் பின்னால் பிரியாணி அடுப்பு புகைந்தது. "பிரிவுபசாரம் வேறு, உபவாசம் வேறு" என்று ஒரு சகோதரர் சொன்ன விளக்கத்தை நான் மொழிபெயர்க்கவில்லை. அவர்கள் இருவரும் வாழையிலை முன்னால் உட்கார்ந்து எல்லாரோடும் சிரித்துப் பேசினார்கள். இலை அப்படியே மூடப்பட்டது. எத்தனை பேர் கவனித்தீர்கள்?

அன்று சிஸ்டரம்மா தமிழில் நாலு வாக்கியம் சாட்சி சொன்னார். கடைசி வாக்கியம் "நான் போயிட்டு வரேன்." கீழ்வீட்டு அக்கா சொல்லிக் கொடுத்தது அது, "போறேன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்று. அதைக் கேட்டு அழாதவர் இல்லை. ஆனால் அதை ஒரு வாக்குறுதியாகவே எடுத்துக்கொண்டு மனுவில் "அவர்களையே திரும்ப அனுப்பினாலும் சரி" என்று சேர்த்தது கொஞ்சம் அதிகம்.

அப்புறம் சால்வைகள். பதினாலு. போட்டோ ஃபிரேம் ஆறு. நாலு கிலோ எடையில் ஒரு பித்தளைக் குத்துவிளக்கு. விமானத்தில் ஒரு பெட்டிக்கு 23 கிலோ. கிளம்புவதற்கு முந்தின ராத்திரி அவர்கள் வீட்டுத் தரையில் எடை பார்க்கும் கருவியோடு உட்கார்ந்திருந்தோம். சிஸ்டரம்மா ஒரு சால்வையைக்கூட விட்டுவிட்டுப் போகச் சம்மதிக்கவில்லை; கொடுத்தவர்கள் முகம் ஞாபகத்தில் இருக்கிறதாம். அதனால் தன் துணிகளை எடுத்து வெளியே வைத்தார். எல்டர் தன் ஷூவை எடுத்து வைத்தார். ஒன்றரை வருஷமாக நம் சந்துகளில் நடந்து ஒரு பக்கமாகத் தேய்ந்த ஷூ. "இதை யாருக்காவது கொடுத்துவிடு" என்றார். யாருக்குக் கொடுப்பது, பன்னிரண்டாம் நம்பர் கால். இன்னும் என் வீட்டு வாசலில்தான் கிடக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. எழுதக் கையே வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். அந்தப் பத்து நாளில் நாலு பேர் தனியாக வந்து காசோ, பிள்ளைக்கு அமெரிக்க விசாவுக்கு ஒரு வழியோ கேட்டார்கள். நான்தான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன். கேட்டவர்களின் கஷ்டம் பொய்யில்லை. ஆனால் எனக்கு நாக்குக் கூசியது. எல்டர் ஒவ்வொருவரிடமும் ஒரே பதிலைத்தான் சொன்னார்: கிளைத் தலைவரிடம் போய்ச் சொல்லுங்கள், சபையில் அதற்கென்று உபவாசக் காணிக்கை இருக்கிறது, அதைக் கவனிப்பது அவர் பொறுப்பு. நாலு பேரில் மூன்று பேர் போகவில்லை. "அவருக்கு என்ன தெரியும், நம்மாள்தானே" என்றார் ஒருவர்.

நம்மாள்தானே. இதைக் கேட்ட ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம் சபையில் சம்பளம் வாங்கும் போதகர் கிடையாது. கிளைத் தலைவர் வாரம் ஆறு நாள் லேத்துப் பட்டறையில் நிற்கிறவர். கணக்கு எழுதுபவர், ஞாயிறு பள்ளி நடத்துபவர், கூட்டிப் பெருக்குபவர் எல்லாரும் நம்மாள்தான். இதைப் பெருமையாக வெளியாரிடம் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வந்து உட்கார்ந்த மறுவாரமே அத்தனையும் அவர்கள் தலையில் இறங்கிவிட்டது. திருவிருந்து ஆராதனையில் தலை எண்ணுவது, மூன்று மாத அறிக்கை, இன்வெர்ட்டர், கீபோர்டு, நோயாளிகளைப் பார்ப்பது, பூட்டு, சாவி. நாம் திட்டமிட்டுச் செய்யவில்லை. "எல்டர் பார்த்துக்குவார்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம், அவ்வளவுதான்.

அவருக்கு அது தெரிந்தே இருந்தது. அதனால்தான் கடைசி இரண்டு வாரத்தில் மூன்று சாயங்கால வகுப்பு வைத்தார். அறிவிப்பை ஆராதனையில் வாசித்தவள் நான். முதல் நாள் அறிக்கைகளும் பதிவேடுகளும். இரண்டாம் நாள் மண்டபப் பராமரிப்பு. மூன்றாம் நாள் யார் யாரை வீட்டில் போய்ப் பார்ப்பது.

முதல் நாள் ஐந்தே முக்காலுக்குப் போனேன். எல்டர் இருபது பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு தாள், ஒரு பென்சில், தானே சீவி வைத்தது. ஆறு மணி. ஆறரை. வந்தது நான் ஒருத்திதான், அதுவும் மொழிபெயர்க்க. யாருக்கு மொழிபெயர்ப்பது? ஏழு மணிக்கு அவர் எழுந்து நாற்காலிகளை ஒவ்வொன்றாக மடிக்க ஆரம்பித்தார். நான் உதவப் போனேன். "நீ உட்கார், நீதான் மாணவி" என்று சொல்லிவிட்டு, பத்தொன்பது நாற்காலியை மடித்துச் சுவரோரம் வைத்தபின், எனக்கு மட்டும் பதிவேட்டை எப்படி எழுதுவது என்று ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இரண்டாம் நாள் மூன்று பேர். மூன்றாம் நாள் வகுப்பு நடக்கவில்லை. அதே நேரத்துக்கு நாம் ஒரு பிரிவுபசாரக் கூட்டம் வைத்துவிட்டோம்.

பழைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். நம்மில் பலர் ஞாயிறு பள்ளியில் கேட்டதுதான், ஆனால் இந்தக் கோணத்தில் யோசித்ததில்லை. 1853இலேயே நம் சபையின் மிஷனரிகள் மதராசுக்கு வந்துவிட்டார்கள். ரிச்சர்ட் பாலண்டைன், ராபர்ட் ஸ்கெல்டன் முதலியோர். பாலண்டைன் லேசுப்பட்டவர் இல்லை. 1849இல், அமெரிக்காவில் நம் சபையின் தலைமையிடமான சால்ட் லேக்கில் முதல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியவர். அந்தக் காலத்தில் தம்பதியாக வருவது ஏது, மனைவி மக்களை விட்டுவிட்டுக் கப்பல் ஏறினார். மதராசில் ஒரு பத்திரிகைகூட அச்சிட்டார். ஏறத்தாழ ஒரு வருஷம் பாடுபட்டுவிட்டு 1854இல் புறப்பட்டுப் போனார். அடுத்த வருஷம் மாட்டுவண்டிக் கூட்டம் ஒன்றை வழிநடத்திக்கொண்டு சமவெளிகளைக் கடந்து சால்ட் லேக் போய்ச் சேர்ந்தார். சில வருஷத்தில் இந்தியாவில் இருந்த மற்ற மிஷனரிகளும் கிளம்பிவிட்டார்கள். அதன்பின் சுமார் நூறு வருஷம் மதராசில் சபை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. அவர் கடைசி நாட்களில் மதராசில் யாரிடம் சாவியைக் கொடுத்தார்? கொடுக்க ஆள் இருந்திருந்தால் கதையே வேறு.

இப்போது கோயம்புத்தூருக்கு வாருங்கள். பால் திருத்துவதாஸ். சிமென்ட் ஆலையில் கணக்கர். 1954இல் நம் சபையின் பிரசுரம் ஒன்று அவர் கையில் சிக்கியது. பக்கத்தில் மிஷனரி இல்லை, கிளை இல்லை, யாரும் இல்லை. கடிதம் எழுதினார். எழுதிக்கொண்டே இருந்தார். ஞானஸ்நானம் பெற்றது 1965இல். பதினொரு வருஷம்! அந்தப் பதினொரு வருஷமும் அவர் மனு எழுதிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுத்தார். இந்த மேற்கு மாவட்டங்களில் நாம் இன்று ஞாயிற்றுக்கிழமை கூடுவதற்கு அந்தக் கணக்கர்தான் ஆரம்பம்.

ஹைதராபாத் கதையும் அப்படித்தான். 1978 டிசம்பரில் எட்வின் தர்மராஜுவும் அவர் மனைவி எல்சியும் சமோவாவிலிருந்து ஊழியத்துக்கு வந்தார்கள். அவர் பூச்சியியல் விஞ்ஞானி, வேலை பார்த்தது சமோவாவில். தங்கள் சொந்தக்காரர்களிடையே கொஞ்ச காலம்தான் இருந்தார்கள், 22 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். பிறகு தம்பதி சமோவாவுக்குத் திரும்பிவிட்டார்கள். எல்சியின் அப்பா, பாப்டிஸ்ட் போதகர், அவர்தான் நம் வேதநூல்களில் ஒன்றான மார்மன் புத்தகத்தைத் தெலுங்கில் பெயர்த்தார். அன்றைக்கு இந்தியாவுக்கென்று தனி மிஷனே கிடையாது. பெங்களூர் மிஷன் 1993இல்தான் வந்தது, அதற்கு முன் சிங்கப்பூரிலிருந்துதான் நம்மைப் பார்த்துக்கொண்டார்கள். ஆனாலும் ஹைதராபாத்துக்காரர்கள் பிடியை விடவில்லை. 2012இல் இந்தியாவின் முதல் ஸ்டேக், அதாவது பல உள்ளூர்ச் சபைகள் சேர்ந்த பெரிய அமைப்பு, அங்கேதான் ஏற்பட்டது. நாம் இன்னும் கிளையாகவே இருக்கிறோம். எண்ணிக்கை போதாது என்பது ஒரு காரணம். போதாதது எண்ணிக்கை மட்டும்தானா என்பது என் சந்தேகம்.

சரி, நம் எல்டர் கதைக்கு வருகிறேன்.

வகுப்பு நடக்காமல் போனதும் அவர் ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கினார். கடைசி நாலு ராத்திரி, விருந்து முடிந்து வந்து, எழுதினார். இப்போது அது என்னிடம் இருக்கிறது, தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். முதல் பக்கத்தில் பதினொரு சாவிகளின் படம், ஒவ்வொன்றுக்கும் என்ன நிற நூல் கட்டியிருக்கிறது, எந்தப் பூட்டுக்கு. சின்ன அலமாரிச் சாவியை இடப்பக்கம் திருப்ப வேண்டும், வலப்பக்கம் திருப்பினால் மாட்டிக்கொள்ளும். அடுத்து இன்வெர்ட்டர். "பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும். குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். (போன தடவை யாரோ ஊற்றினார்கள்.)" ஊற்றியது யார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பெயர் எழுதவில்லை.

சிஸ்டரம்மா எழுதிய பக்கங்களும் உண்டு. முன்னோர் பெயர்களைத் தேடிப் பதிவது நம் சபை வழக்கம்; அப்படிக் குடும்ப வரலாறு எடுக்கும்போது வந்த தலைவலிகள். இங்கே குடும்பப் பெயர் கிடையாது, முன்னால் நிற்பது அப்பா பெயரின் எழுத்து, அந்தக் கட்டத்தில் எதையாவது திணிக்காமல் காலியாக விடுங்கள் என்று பெட்டி போட்டு எழுதியிருக்கிறார். இதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஐந்து மாதம் ஆனது. அதுவரை நம் கிளையின் பாதிப் பேருக்கு "எஸ்" என்று ஒரே குடும்பப் பெயர், எல்லாரும் ஒரே வம்சம். நம் பெரிய பாட்டி ஒரு மத்தியானம் வெற்றிலையை மென்றுகொண்டே ஐந்து தலைமுறைப் பெயரைக் கடகடவென்று சொன்னதும், சிஸ்டரம்மா எழுத முடியாமல் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்ததும் எனக்கு நேற்று மாதிரி இருக்கிறது. அன்று எழுதியது மூன்று தலைமுறை. மீதி இரண்டு இன்னும் பாட்டி வாயில்தான் இருக்கிறது. பாட்டிக்கு 88 வயது. அந்தப் பக்கத்தின் அடியில் சிஸ்டரம்மா எழுதியிருப்பது: "சீக்கிரம் போங்கள்."

முப்பத்தோராம் பக்கத்தில்தான் நான் நின்றுவிட்டேன். மொழிபெயர்ப்பு அங்கேயே நிற்கிறது. அது சபைக்கு வருவதை நிறுத்திவிட்ட 22 பேரின் பட்டியல். ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே ஒரு வரி. "மகளுக்கு மே மாதம் பிரசவம். போய்ப் பாருங்கள்." "முழங்கால் வலி, மாடிப்படி ஏற முடியவில்லை. நம் மண்டபம் மாடியில் இருப்பதுதான் காரணம்." "யாரோ பேசிய ஒரு வார்த்தை. என்ன வார்த்தை என்று சொல்ல மாட்டேன் என்கிறார். காத்திருங்கள்." "சினிமா பிடிக்கும். சினிமா பற்றிப் பேசுங்கள்." சபைக்குக் கூட்டி வாருங்கள் என்று ஓரிடத்தில்கூட இல்லை. அந்த 22 பேரில் ஒருவர் வீடு என் வீட்டிலிருந்து இரண்டு தெரு. மூன்று வருஷமாக நான் போகவில்லை. முழங்கால் வலி என்பதே எனக்கு அந்த நோட்டைப் பார்த்துத்தான் தெரியும். தமிழ் தெரியாத ஒரு கிழவர், சைகையும் என் மொழிபெயர்ப்புமாகத் தெரிந்துகொண்டது. நான்தானே கூட இருந்து மொழிபெயர்த்தேன் என்று கேட்பீர்கள். அந்த வீட்டுக்கு மட்டும் எனக்கு வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டேன். பழைய மனவருத்தம் ஒன்று. அவர் வேறொரு பையனைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

ஆகவே உங்களை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

மனுவில் கையெழுத்துப் போடாததற்குக் காரணம் இந்த நோட்டுதான். இன்னொரு தம்பதி வந்தால், நோட்டு அப்படியே அவர்கள் மேஜைக்குப் போய்விடும். ஆங்கிலத்தில்தானே இருக்கிறது, அவர்களுக்கு நன்றாகவே புரியும். தமிழாக்க வேண்டிய அவசியமே இருக்காது. பதினெட்டு மாதம் கழித்து இன்னொரு பதினாலு சால்வை வாங்குவோம்.

"அப்படியானால் யாரும் வரவே வேண்டாமா, வருகிறவர்களை வராதே என்பாயா" என்று ஒரு தம்பி கேட்டான். இல்லை. வரட்டும். மிஷன் தலைவர் தாமாக அனுப்பினால் ரயில் நிலையத்துக்கு முதல் ஆளாக நான் போகிறேன். சிஸ்டரம்மா மாதிரி இன்னொருவர் வந்தால் கீபோர்டில் நம் பிள்ளைகள் இன்னும் நன்றாக வாசிப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். கடைசி ஞாயிறு அன்று அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் வலது கையால் மட்டும் வாசித்தாளே, பிரியாவிடைப் பாட்டு. சிஸ்டரம்மா பக்கத்தில் போய் இடது கையைச் சேர்த்திருக்கலாம். போகவில்லை. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, மடியில் தன் இடது கை விரல்களை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். நான் பார்த்தேன். நாம் அவர்களை அப்படி உட்கார விட்டிருக்க வேண்டிய இடம் அதுதான், வந்த மறுமாதத்திலிருந்தே.

அவர்கள் கிளம்பிய காலையையும் சொல்லிவிடுகிறேன், ஸ்டேஷனுக்கு வர முடியாதவர்கள் கேட்டீர்கள். பெங்களூருக்கு ரயில். அங்கே மிஷன் தலைவரோடு கடைசிப் பேட்டி, அப்புறம் விமானம். இருவர் சட்டையிலும் பெயர் அட்டை இருந்தது. ஊர் போய்ச் சேர்ந்து, அங்குள்ள ஸ்டேக் தலைவர் விடுவிக்கும்வரை அதைக் கழற்றக் கூடாது. "கழற்றினதும் என்ன செய்வீர்கள்" என்று கேட்டேன். உருளைக்கிழங்கு அறுவடைக்கு மகனுக்கு ஆள் போதவில்லையாம், நேரே வயலுக்கு என்றார்.

கீழ்வீட்டு அக்கா பிளாஸ்க்கோடு வந்திருந்தார். அவர் நம் சபை இல்லை, மாரியம்மன் பக்தை, ஆடி மாதம் கூழ் ஊற்றுகிறவர். தம்பதி குடிவந்த முதல் வாரம் தினமும் ஃபில்டர் காபி கொண்டுபோய்க் கொடுத்தார், அவர்கள் தினமும் வேண்டாம் என்றார்கள். நம் கையால் குடிக்க மாட்டார்களா என்று அவருக்கு மனசு சுருங்கிவிட்டது. காபியும் டீயும் எங்கள் சபையில் யாருமே குடிப்பதில்லை, நானும் குடிப்பதில்லை என்று நான் போய்ச் சொன்னபின்தான் சரியானது. அடுத்த வாரம் சுக்குமல்லிக் காபி வந்தது. எல்டருக்குப் பெரிய குழப்பம்: பெயரில் காபி இருக்கிறதே? சுக்கு, மல்லி, மிளகு, கருப்பட்டி என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார், காபித்தூள் இல்லை என்று அக்கா தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினார், அன்றிலிருந்து பதினெட்டு மாதம் அதுதான். ரயில் நகரும்போதும் பிளாஸ்க் மூடியில் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். பிளாஸ்க்கைத் திருப்பித் தர மறந்து கையோடு கொண்டுபோய்விட்டார். அக்காவுக்கு அதில் ரொம்ப சந்தோஷம்.

அவரிடம் பேசிவிட்டேன். வருகிற சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மண்டபத்துக்கு ஒரு பாத்திரம் சுக்குமல்லி வரும். நோட்டை நான் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வருகிறேன், தமிழாக்கின மட்டும் தமிழில், மீதி ஆங்கிலத்தில். சாவிகளையும் கொண்டுவருகிறேன், பதினொன்றும் இப்போது என் கைப்பையில்தான் இருக்கின்றன, அது நல்லதில்லை. ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டும். இன்வெர்ட்டரை யார் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கிறது, அன்றைக்குச் சொல்கிறேன். பாட்டி வீட்டுக்கு எழுதப் போக, வேகமாக எழுதக்கூடிய இரண்டு பிள்ளைகள் வேண்டும். முப்பத்தோராம் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுக்க மாட்டேன். அதைக் கிளைத் தலைவரிடம் கொடுக்கிறேன், அவர் யாருக்கு எந்தப் பெயர் என்று சொல்லட்டும். அந்த இரண்டு தெரு தள்ளி இருக்கும் பெயரை எனக்குத் தரச் சொல்லி ஏற்கெனவே கேட்டுவிட்டேன்.

மனு யார் கையில் இருக்கிறதோ, சனிக்கிழமைவரை தபாலில் போடாமல் வைத்திருங்கள், அதுபோதும். அதற்கப்புறம் போடுவதென்றால் போடுங்கள்.

இருபது நாற்காலி நான் போட்டு வைக்கிறேன். முடிந்ததும் மடிக்க ஆள் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் சகோதரி,
ஒத்தாசைச் சங்க (சபையின் பெண்கள் அமைப்பு) செயலாளர்